படம் எப்படி, அண்ணாச்சி?

வெள்ளிக்கிழமை ஒரு படம் வெளியானால், திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் தூத்துக்குடி போல்டன்புரத்துப் பலசரக்குக் கடை வாசலில் அந்தக் கேள்வி தொடங்கிவிடும். சாமான் சீட்டை நீட்டுவதற்கு முன்னாலேயே கேட்பார்கள். "படம் எப்படி, அண்ணாச்சி?"

செந்தூர்வேல் உடனே பதில் சொல்ல மாட்டார். உளுந்தை நிறுத்து, பையின் வாயை முறுக்கிக் கட்டி, கேட்டவர் பக்கம் நகர்த்திவிட்டு, அதன் பிறகுதான் இரண்டு வரி சொல்வார். அந்த இரண்டு வரிக்காகவே கால் கிலோ சீனி வாங்க வருகிறவர்கள் தெருவில் இருந்தார்கள். அவர் தலையாட்டினால் பாதித் தெரு அந்த வாரமே தியேட்டருக்குக் கிளம்பும். உதட்டைப் பிதுக்கினால், போனில் வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடும்.

தூத்துக்குடியைக் காட்டிய படம் ஒன்று வந்தது. வழக்கம்போல எல்லோர் கையிலும் அரிவாள், எல்லோர் வாயிலும் ஏலே. உப்பளத்துக்குள் வைத்துக் கதாநாயகன் நாற்பது பேரைப் புரட்டி எடுப்பான். தெருப் பையன்கள் விசிலடித்துவிட்டு வந்திருந்தார்கள். செந்தூர்வேல் அன்று சொன்னதை இன்றைக்கும் அந்தப் பக்கத்தில் சொல்லிச் சிரிப்பார்கள்.

"பாத்தியில உப்பு வெளைஞ்சு கெடக்கு. நாப்பது பேரு பூட்ஸ் காலோட மிதிக்கானுவ. உப்பு வாருற பொம்பளையள்ல ஒருத்தியாவது ஓடி வந்து நாலு வார்த்த கேக்கலியே. அப்ப அது தூத்துக்குடி இல்ல."

சினிமாவோடு நிற்கவில்லை. டிவியில் வரும் பாட்டுப் போட்டியைப் பற்றி அவருக்கு ஒரு நிரந்தரக் கோபம் இருந்தது. பிள்ளை பாடி முடித்ததும் நிகழ்ச்சி நடத்துகிறவன் அதன் அப்பாவை மேடைக்குக் கூட்டி வருகிறான், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்கிறான், கஷ்டமான வேலையாக இருந்தால் வயலினை இழுக்கிறான், நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். பிள்ளை இரண்டாவது சரணத்தில் சுருதி விலகியதை யாரும் பேசவில்லை என்பார். எட்டு பாகமாக வந்த ஒரு கொலைத் தொடருக்கு, மூன்று பாகத்துக்குத்தான் கதை இருக்கிறது, மீதி ஐந்திலும் கார் போய்க்கொண்டே இருக்கிறது என்றார். புதுப் பாட்டுகளையெல்லாம் செல்போனில் இருபது நொடி ஆடுவதற்கென்றே போடுகிறார்கள், அந்த இருபது நொடி போக மீதி வெறும் காத்திருப்பு என்றார்.

புகழவும் தெரியும். நட்சத்திரம் யாரும் இல்லாத சின்னப் படம் ஒன்று ஒரே வாரம் ஓடியது. அதில் மகன் விபத்தில் மாட்டிய செய்தி போனில் வரும்போது தாயாக நடித்தவள் முதலில் கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு, அப்புறம்தான் சுவரில் சாய்ந்து அழுவாள். "அணைச்சிட்டு அழுதா பாருங்க, அவதான் நடிகை" என்றார். அந்த வாரம் தெருப் பெண்கள் பதினோரு பேர் கூட்டமாகப் போய் அந்த அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தார்கள். தமிழில் பேச வைத்து வரும் கொரியா நாடகங்களைக்கூட அவர் விடவில்லை. அதில் ஆட்கள் உட்கார்ந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள், நம் தொடரில் சோற்றைப் பிசைந்தாலே யாராவது வந்து சண்டை இழுத்துவிடுகிறார்கள் என்று சொன்னார்.

அவரோடு மல்லுக்கு நின்றவர் தேவபிரசாதம் ஒருவர்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், நாற்பத்தைந்து வயது. எந்தப் பெரிய நடிகரின் படம் வந்தாலும் முதல் நாளே பார்த்துவிடுவார். எந்தப் படத்தையும் விட்டுக்கொடுக்க மாட்டார். கதை இல்லை, வெறும் சத்தம் என்று செந்தூர்வேல் சொன்னால் அவருக்கு முகம் சிவந்துவிடும். எட்டு மணி நேரம் அந்தரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒற்றையில் உட்கார்ந்து கண்டெய்னரைத் தூக்கி வைத்துவிட்டு இறங்குகிறவனுக்கு, ஆயிரம் பேர் நடுவில் காது கிழிகிற சத்தம்தான் வேண்டும், அரிசி எடை போடுகிறவருக்கு அது எங்கே தெரியப்போகிறது என்பார். செந்தூர்வேல் அப்போதைக்குச் சிரித்துக்கொள்வார். மறுநாள் காலையில் தேவபிரசாதம் பீடிக்கட்டு வாங்க வரும்போது பதில் தயாராக இருக்கும். இப்படிப் பத்து வருடம் போனது.

ஆனால் இந்த அபிப்பிராயங்களில் எதுவுமே செந்தூர்வேலுடையது இல்லை.

அவருக்குத் தியேட்டரில் விளக்கை அணைத்தால் தூக்கம் வந்துவிடும். காலை நான்கு மணிக்கு எழுந்து மார்க்கெட்டுக்குப் போகிறவர். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்குக் கடையை அடைத்துவிட்டு மேட்னிக்குப் போனால், கதாநாயகன் மெதுவாக நடந்து வந்து முகத்தைக் காட்டுவதற்குள் அவர் கண்ணயர்ந்திருப்பார். படத்தை முழுதாகப் பார்த்தவள் பக்கத்து இருக்கையில் இருந்த அவர் மனைவி இசக்கிசெல்வி. திரும்பி வரும்போது ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்துகொண்டு அவர் தோளுக்கு மேலாகச் சொல்லிக்கொண்டே வருவாள். ரயில்வே கேட் அடைத்திருந்தால் இன்னும் நல்லது. சரக்கு ரயில் உப்பு மூட்டைகளோடு ஊர்ந்து முடியும்வரை வில்லனைப் பிரித்து மேய்ந்துவிடுவாள். சத்தமே போடாமல், அடுத்த வண்டிக்காரருக்குக் கேட்காத குரலில்தான் அத்தனையும். அவருக்குச் சிரிப்பில் ஹேண்டில்பார் ஆடும்.

திங்கட்கிழமை காலையில் அவள் சொன்ன வரிகள் கடையில் அவர் வாயிலிருந்து வந்தன. முதல் தடவை தற்செயலாகத்தான் வந்தது. கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்ததும் அவருக்குப் பிடித்துப்போனது. அப்புறம் அது பழக்கமானது. கடை இருந்தது கீழே, வீடு இருந்தது மாடியில். மதியச் சாப்பாட்டுக்கு மேலே ஏறினால் தட்டு வைத்தவுடன் அவள் கேட்பது, தேவபிரசாதம் என்ன சொன்னாரு என்பதுதான். அவர் சொன்னதைச் சொல்வார். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே பதிலைக் கட்டிக் கொடுப்பாள்.

ஒரு தடவை மட்டும் அவள் கேட்டாள். "எம்பேரையும் ஒருநா சொன்னா என்ன?"

"ஏளா, கடையில போயி பொம்பள சொன்னான்னு சொன்னா எவன் காதுல வாங்குவான்?" என்று அவர் சிரித்தார்.

அவளும் சிரித்தாள். அத்தோடு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று பின்னால் அவர் நினைக்காத நாள் இல்லை.

போன வருடத்துக்கு முந்திய மார்கழியில், விடிவதற்குள், நெஞ்சுவலி என்று சொல்லி அரைமணி நேரத்தில் இசக்கிசெல்வி போய்விட்டாள். ஐம்பத்தோரு வயது.

துட்டி கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிப் பேசினார்கள். தங்கமான பிள்ளை. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. வாசலில் நின்று தெருவை வேடிக்கை பார்த்ததில்லை. அவளுக்கென்று ஒரு எண்ணம் உண்டா, அண்ணாச்சி சொன்னதுதான் அவளுக்கு என்று தெருக்கோடி வீட்டு ஆச்சி சொன்னபோது, செந்தூர்வேல் மூலையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்துவிட்டார். ஏன் எழுந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறவரைப்போல அடுக்களைக்குப் போய், அங்கே நிற்கவும் முடியாமல் திரும்பி வந்தார். அந்தத் தெருவிலேயே கூர்மையான வாய் அவளுடையது. அது அவளுக்குச் சொந்தமில்லை என்று ஊர் எழுதிவிட்டது. எழுதக் கொடுத்தவர் அவர்.

வருடம் கழியும்வரை துட்டி வீட்டில் டிவி போடக்கூடாது. தீபாவளி கிடையாது, படத்துக்குப் போவது கிடையாது. மகள் சண்முகப்ரியா டிவியின் மேல் ஒரு பழைய வேட்டியைப் போட்டு மூடிவிட்டு விளாத்திகுளத்துக்கு, புருஷன் வீட்டுக்குத் திரும்பினாள். தெருவுக்கும் அந்த வழக்கம் தெரியும் என்பதால் ஒருவரும் அவரிடம் படத்தைப் பற்றிக் கேட்கவில்லை. தேவபிரசாதம்கூட பீடிக்கட்டை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி போனார். அந்த வருடம் முழுக்க அவருக்கு அது ஒரு மறைவிடமாக இருந்தது. ஆனால் கையும் காலும் ஓரிடத்தில் நிற்கவில்லை. எண்ணெய் டின்களை இடப்பக்கமிருந்து வலப்பக்கம் மாற்றினார். ஒரு வாரத்தில் மறுபடி இடப்பக்கம் கொண்டுவந்தார். மதியம் மாடிக்கு ஏறுவதற்குப் பதிலாகக் கடையிலேயே பொட்டலச் சோறு வாங்கித் தின்றார். ஆள் இல்லாத நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்குவார். இறக்கிய உடனே ஏற்றுவார். அவரைச் சுற்றி அந்த வருடம் என்னென்னவோ படங்கள் வந்து போயின. ஒவ்வொரு சுவரொட்டியைக் கடக்கும்போதும் இதற்கு அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்துப் பார்ப்பார். ஒன்றும் வராது. அவளைப்போல ஒரு வரிகூட அவரால் செய்ய முடியவில்லை.

வருடத் திதி முடிந்தது. சண்முகப்ரியா வந்து வேட்டியை எடுத்து மடித்து வைத்தாள், டிவிக்கு ரீசார்ஜ் பண்ணினாள், அப்பா சும்மா போட்டுப் பாருங்க, மனசுக்கு மாறுதலா இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள். பொங்கலுக்குப் பெரிய படம் ஒன்று வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேனர். பொங்கலுக்கு மறுநாள், கரிநாள் அன்று தெருவில் வழக்கம்போல விழா. கோலப் போட்டி, உறியடி, கடைசியில் தெருக்காரர்களே பேசும் பட்டிமன்றம். ஓய்வுபெற்ற பிளாரன்ஸ் டீச்சர்தான் வருடாவருடம் நடுவர். அவரே கடைக்கு வந்து தலைப்பைச் சொன்னார்: இன்றைய சினிமாவும் டிவியும் குடும்பத்தைச் சேர்க்கிறதா, பிரிக்கிறதா. சேர்க்கிறது என்று தேவபிரசாதம். பிரிக்கிறது என்று பேச அண்ணாச்சியை விட்டால் யார் இருக்கிறார்கள்?

மாட்டேன் என்று சொல்லத்தான் செந்தூர்வேல் வாயைத் திறந்தார். அதற்குள் வேறொன்று தோன்றிவிட்டது. அங்கே தெருவே இருக்கும். மைக் இருக்கும். அவள் பேரைச் சொல்ல இதைவிட இடம் கிடைக்காது. சரி டீச்சர் என்றார். சொன்ன பிறகு பயம் பிடித்துக்கொண்டது. பத்து வருடம் பெண்டாட்டி சொன்னதைத் தன் பேச்சாக விற்றவர் என்று கைகொட்டிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று ஒரு நாள் தோன்றும், மறுநாள் டீச்சரிடம் மாட்டேன் என்று சொல்லக் கிளம்புவார்.

பொங்கலன்று மதியம் அவர் தனியாகப் படத்துக்குப் போனார். புதுப் படம் பார்க்காமல் மேடையில் எப்படிப் பேசுவது என்பது ஒன்று. இன்னொன்று, ஒரு தடவையாவது முழுதாகப் பார்த்துவிட வேண்டும் என்ற வீம்பு. விளக்கு அணைந்தது. தூக்கம் வரவில்லை. மூன்று மணி நேரத்தில் ஒரு நிமிடம்கூடக் கண் மூடவில்லை. பெயர் போடுவது முதல் இரண்டாம் பாகம் வரும் என்ற எழுத்து வரை பார்த்தார். வெளியே வந்து ஸ்கூட்டரின் பக்கத்தில் சாவியை வைத்துக்கொண்டு நின்றார். படம் நன்றாக இருந்ததா, இல்லையா? அவருக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் எல்லாம் வண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகும் நின்றுகொண்டிருந்தார்.

சாயங்காலம் கடைக்கு வந்தவர்கள் ஒரு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாகக் கேட்டார்கள். நாளைக்கு மேடையில் சொல்கிறேன் என்று எல்லோரையும் அனுப்பிவிட்டார்.

மறுநாள் தேவபிரசாதம் முதலில் பேசினார். நன்றாகவே பேசினார். அவர் வீட்டில் அப்பாவும் மகனும் பேசிக்கொள்வதே கிரிக்கெட்டுக்கும் படத்துக்கும்தான், அதையும் பிடுங்கிவிட்டால் ஆளுக்கொரு போனைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போய்விடுவோம் என்றார். சமையல் போட்டி என்று போட்டுக் கோமாளித்தனம் பண்ணுகிற நிகழ்ச்சியை ஊரே திட்டுகிறது, ஆனால் காய்ச்சலில் படுத்திருந்த என் அம்மா இரண்டு மாதம் கழித்துச் சிரித்தது அதைப் பார்த்துத்தான் என்றார். கைதட்டல் அடங்க நேரமானது.

செந்தூர்வேல் எழுந்தார். கையில் சீட்டு எதுவும் இல்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு, தலைப்பைப் பற்றிப் பேசப்போவதில்லை என்று தொடங்கினார். பத்து வருடமாகக் கடையில் தான் சொன்ன விமர்சனம் எதுவும் தன்னுடையது இல்லை. தான் தியேட்டரில் தூங்குகிறவன். அவ்வளவும் செல்வி சொன்னது. அவள் பேரைச் சொல்லாமல் விட்டது தன் தப்பு. இவ்வளவுதான் சொன்னார். அதையும் வேகமாகச் சொன்னார்.

தூங்குகிறவன் என்ற இடத்தில் சிரித்தார்கள். அவர் எதிர்பார்த்த கேலி வரவில்லை. முன்வரிசையில் இருந்த பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். யாரோ ஒருவர் கைதட்டத் தொடங்க, தெருவே தட்டியது. ஒலிபெருக்கிக்காரன், தனக்குத் தோன்றியதோ யாராவது சொன்னார்களோ, சோகமான புல்லாங்குழல் ஒன்றைப் போட்டான்.

"பெண்டாட்டிக்கு இதைவிடப் பெரிய அஞ்சலி இருக்க முடியுமா? தன் திறமையைக்கூட அவங்க காலடியில வைக்கிறாரு" என்றார் பிளாரன்ஸ் டீச்சர், நடுவர் நாற்காலியில் இருந்தபடி.

"அஞ்சலி இல்ல டீச்சர். உள்ளதத்தான் சொல்லுதேன்."

கைதட்டல் கூடியது. ஒரு பொன்னாடையைக் கொண்டுவந்து அவர் தோளில் போட்டார்கள். அவர் அதை எடுக்கப் பார்த்தார். அடக்கத்தைப் பார் என்று இன்னும் தட்டினார்கள். பிரிக்கிறது என்ற அணியே வென்றதாக டீச்சர் தீர்ப்புச் சொன்னார். அந்த அணிக்காக யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

மறுநாள் காலையில் கடையைத் திறந்ததிலிருந்து அவருக்கு நிலைகொள்ளவில்லை. வருகிறவர்கள் எல்லாம் அவரைப் பாராட்டினார்கள். இந்தக் காலத்தில் யார் இப்படிப் பேசுவார்கள் என்றார்கள். மனைவியை இப்படி நினைக்கிற மனிதர் கிடைக்க அவள் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றார்கள். அவள் சொன்னது என்பதை ஒருவர்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு கிலோ கேட்டவருக்கு முக்கால் கிலோ போட்டார். மல்லி கேட்டவருக்குச் சீரகத்தை அள்ளினார். அவள் இருந்தவரை அவளிடமிருந்து எடுத்தது அபிப்பிராயம் மட்டும்தான். நேற்று அவள் பேரையும் எடுத்துத் தன் பெருமையில் சேர்த்துக்கொண்டதுபோல ஆகிவிட்டது.

எட்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து தேவபிரசாதம் வந்தார். முகத்தில் தோற்றவரின் கடுகடுப்பு. அவருக்குப் பின்னால் பிளாரன்ஸ் டீச்சர் பால் பாக்கெட்டுக்காக நின்றார். இன்னும் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள்.

"ஒண்ணு சொல்லட்டுமா அண்ணாச்சி, கோவப்படக்கூடாது. நேத்து நீங்க ஜெயிச்சது அந்தப் பாட்டுப் போட்டியில அப்பனக் கூட்டிட்டு வாரானே, அந்த வேலையப் பண்ணித்தான். மதினிய மேடையில ஏத்திட்டிய. வயலினுக்குப் பதிலா புல்லாங்குழல்."

டீச்சர் அவரை அதட்டினார். துட்டி வீட்டுக்காரரிடம் பேசுகிற பேச்சா இது என்றார். செந்தூர்வேலுக்குக் கோபம் வரவில்லை. பார்க்கப்போனால், நேற்றிலிருந்து யாரோ முதல்முறையாகச் சரியாகப் பேசியதுபோல இருந்தது. செல்வி இருந்திருந்தால் இதையேதான் சொல்லியிருப்பாள்.

"நீ சொல்லுதது சரிதான்" என்றார்.

தேவபிரசாதத்துக்கு இந்தப் பதில் பழக்கமில்லை. கொஞ்சம் தடுமாறிவிட்டு, அது கெடக்கட்டும், படத்தப் பாத்தியள்லா, அதச் சொல்லுங்க என்றார்.

செந்தூர்வேல் எடைக்கல்லைக் கீழே வைத்தார். யாருடைய வரியும் அவரிடம் இல்லை. பார்த்ததைச் சொல்வதைத் தவிர வழியில்லை.

"அந்தப் படத்துல ஹீரோவோட அப்பா பலசரக்குக் கடை வச்சிருக்காரு."

"ஆமா, ஒரு நிமிசம் வரும்."

"மண்ணெண்ணெய் கேனுக்குப் பக்கத்துல கோதுமை மாவ வச்சிருக்கான். வாடை ஏறாதா? வில்லன் ஆளுவ வந்து கடைய நொறுக்குதானுவ. பத்து மூட்டை கிழியுது. பத்துலயும் பச்சரிசி. நம்ம பக்கம் எவன் பத்து மூட்டை பச்சரிசி வாங்கி அடுக்குவான்? புழுங்கல் ஒரு மூட்டைகூட இல்ல."

நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணாச்சி ஏதோ புதுமாதிரி ஆரம்பிக்கிறார், கடைசியில் ஒரு குத்து வைப்பார் என்று காத்திருந்தார்கள். அவர் அதோடு நிறுத்திவிட்டார்.

"சரி, ஹீரோயின்?" என்றார் தேவபிரசாதம்.

"கடைக்கு ஒருதடவ வந்துச்சு. என்ன வாங்குச்சின்னு காட்டல."

"இன்டர்வெல் சண்டை? ஊரே அதத்தான் பேசுது."

"அப்ப நான் அந்தச் சிந்தின அரிசிய யாரு அள்ளப்போறான்னு பாத்துக்கிட்டிருந்தேன். கடைசி வரைக்கும் எவனும் அள்ளல."

"பாட்டு?"

"பாட்டு இருந்துச்சா?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மூன்று மணி நேரப் படத்தில் ஒரு நிமிடம் வந்த கடையை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். தேவபிரசாதம் அவரை உற்றுப் பார்த்தார். பத்து வருடமாக இந்த ஆளின் பேச்சோடு உரசியவர் அவர். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும்.

"இது நீங்க பேசுற பேச்சே இல்லயே அண்ணாச்சி" என்றார் மெதுவாக.

"இதுதான் என் பேச்சு."

முதலில் வாயைத் திறந்தது டீச்சர்.

"அந்த அடுப்பு? அணைச்சிட்டு அழுதான்னு சொன்னீங்களே?"

"செல்வி."

"கொரியாக்காரங்க சாப்பிடுறது?"

"செல்விதான். எனக்கு அதுல யாரு ஆணு யாரு பொண்ணுன்னே பிடிபடாது."

"உப்பளத்துச் சண்டை?" என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

"அவதான். அவுக அம்மா உப்பு வாரினவ."

"அந்தப் பேய்ப் படம் நல்லாருக்குன்னு சொல்லி, தெருவே போயி தலைவலியோட வந்துச்சே?"

"அது நான். அன்னைக்கு அவளுக்குக் காய்ச்சல், வரல."

டீச்சர் பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். துட்டிக்கு வந்தபோது அந்த அம்மா ஒரு வார்த்தை அதிர்ந்து பேசமாட்டாங்க என்று தானும் சொன்னதை அவர் நினைத்திருக்க வேண்டும். துட்டியில சொன்னத என்னால திரும்ப வாங்க முடியாதே அண்ணாச்சி என்று மட்டும் சொன்னார்.

தேவபிரசாதம் ஓரமாகக் கிடந்த சீனி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். "அப்ப பத்து வருசமா நான் மல்லுக்கு நின்னது மதினிகூடயா? ஒருநாகூட அவியகிட்ட நேர்ல பேசினதில்லயே. மேலதான இருந்தாவ. ஒரு சத்தம் குடுத்திருந்தா எறங்கி வந்திருப்பாவளே."

"கேக்கத்தான் செஞ்சா. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

"கடைசியா நாம சண்டை போட்டது கார்த்திகையில. அந்தச் சத்தப் படத்துக்கு. நான் கூண்டுக்குள்ள ஒத்தையில கெடக்கதச் சொன்னேன். மறுநா உங்ககிட்ட பதிலே இல்ல. நான் ஜெயிச்சிட்டேன்னு வீட்டுல போயி சொன்னேன். மதினி அப்ப ஒண்ணும் சொல்லலியா?"

செந்தூர்வேல் கல்லாப்பெட்டியின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"சொன்னா. அவரு சொல்லுததுதான் சரின்னு சொன்னா. நானும் காலையில இருந்து மேல ஒத்தையிலதான இருக்கேன், எனக்கும் அந்தச் சத்தம் வேண்டியிருந்துச்சு, தேவபிரசாதத்துக்கிட்ட போயி இப்படிச் சொல்லுங்கன்னு சொன்னா. சொன்னா நான் தோத்த மாதிரி ஆயிருமேன்னு சொல்லாம விட்டுட்டேன்."

பீடிக்கட்டு, சோப்பு, அரைக்கிலோ ரவை எல்லாம் பையில் தயாராக இருந்தன. தேவபிரசாதம் அதைத் தொடவில்லை. எட்டு மணி நேரம் கிரேனில் இருந்துவிட்டு வந்த மனிதர் வீட்டுக்குப் போகிற எண்ணமே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"வேற என்ன சொன்னாவ?" என்றார்.

செந்தூர்வேல் சொல்லத் தொடங்கினார். இந்தத் தடவை ஒவ்வொன்றுக்கும் முன்னால் அவள் பேரைச் சொன்னார்.